நாற்பதுக்கு ஒரு சட்டை

டெய்லர்: கையத் தூக்கு... இன்னொரு கை.

முப்பத்தொன்பது: ரெண்டும் ஒரே நீளம்தான்க்கா.

டெய்லர்: அத டேப்பு சொல்லட்டும். போன வாரம் ஒருத்தர் இப்படித்தான் அடிச்சுச் சொன்னார். இப்ப ஒரு கை சட்டைக்குள்ள, ஒரு கை வெளியன்னு அலையறார். எதுக்கு மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கற?

முப்பத்தொன்பது: விட்டா அளவு மாறிடாதா?

டெய்லர்: விடாட்டி ஆளே மாறிடுவ. விடு... ம். ஆமா, ஸ்கூல் திறந்தப்பதானே உனக்குத் தெச்சுக் குடுத்தேன்? மூணு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள இன்னொண்ணா?

முப்பத்தொன்பது: எனக்கில்லக்கா. எங்க அக்காவுக்கு.

டெய்லர்: அக்காவுக்கா! அப்ப உன்ன எதுக்கு அளந்துட்டிருக்கேன்?

முப்பத்தொன்பது: அவளும் இதே அளவுதான். நாங்க ரெட்டைப் பிள்ளைங்க.

டெய்லர்: ஓகோ. சரி, நோட்டுல எழுதிக்கறேன். பேரு?

முப்பத்தொன்பது: நாற்பது.

டெய்லர்: வயசக் கேக்கல.

முப்பத்தொன்பது: அது நம்பர்க்கா. ஒன்பதாம் வகுப்பு, நாற்பது. நான் முப்பத்தொன்பது. உங்க நோட்டுலயே அப்படித்தானே எழுதியிருக்கீங்க?

டெய்லர்: எழுதியிருக்கேன். உங்க ஸ்கூல் சட்டைக்கெல்லாம் காலருக்கு உள்பக்கம் நம்பர் தெச்சுக் குடுக்கணும். விளையாட்டு பீரியட்ல உடுப்பு மாத்தறப்ப ஒண்ணோட ஒண்ணு கலந்துடுதாம். ஆனா மனுஷின்னு இருந்தா பேருன்னு ஒண்ணு இருக்கும்ல?

முப்பத்தொன்பது: நம்பரே போடுங்கக்கா. எங்க ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ்லேர்ந்து கேட் திறக்கறவர் வரைக்கும் நம்பர்தான். பேரச் சொன்னா 'யாரது'ன்னு கேப்பாங்க.

டெய்லர்: உன் பேரக்கூடவா?

முப்பத்தொன்பது: என் பேர இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லக்கா. சொல்லி என்ன ஆகப்போகுது... கழுத்து அளந்தாச்சா?

டெய்லர்: ஆச்சு. உங்க அக்கா கழுத்தும் இதேதானா?

முப்பத்தொன்பது: அது கொஞ்சம் நிமிர்ந்து இருக்கும்.

டெய்லர்: நிமிர்ந்துன்னா? நீளமா?

முப்பத்தொன்பது: இல்ல... பெருமையா.

டெய்லர்: பெருமைக்கு எத்தன இஞ்ச் விடறது? நான் கேள்விப்பட்டதே இல்லயே. ஒண்ணு செய். நாளைக்கு அவளையே கூட்டிட்டு வா.

முப்பத்தொன்பது: அவளுக்கு உடம்பு சரியில்ல.

டெய்லர்: என்ன உடம்புக்கு?

முப்பத்தொன்பது: அது... மாறிக்கிட்டே இருக்குக்கா. முதல்ல காய்ச்சல். அப்புறம் தாடை வீக்கம். இப்ப கால் உடஞ்சிருக்கு.

டெய்லர்: ஐயய்யோ. எந்தக் கால்?

முப்பத்தொன்பது: முதல்ல வலது கால். அப்புறம் வகுப்புல பேசி இடதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.

டெய்லர்: உங்க அக்கா காலு எதுன்னு வகுப்புல முடிவு பண்றாங்களா?

முப்பத்தொன்பது: எனக்குக் கொஞ்சம் குழப்பமா இருந்துச்சு... அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு.

டெய்லர்: ம். ரெட்டைப் பிள்ளைன்னா யாரு மூத்தவ?

முப்பத்தொன்பது: அவதான். நாலு நிமிஷம்.

டெய்லர்: பொறந்தநாள் என்னைக்கு?

முப்பத்தொன்பது: எனக்கு அடுத்த மாசம். அவளுக்குப் போன மாசமே கொண்டாடிட்டாங்க.

டெய்லர்: நாலு நிமிஷ வித்தியாசத்துக்கு ரெண்டு மாசமா?

முப்பத்தொன்பது: வகுப்புல அவசரப்பட்டுட்டாங்கக்கா. கேக் வெட்டி, அவ பங்க டப்பால போட்டு என்கிட்டக் குடுத்து விட்டாங்க.

டெய்லர்: அவ சாப்பிட்டாளா?

முப்பத்தொன்பது: ...கதவச் சாத்திட்டு வரட்டுமா?

டெய்லர்: காத்து வர்ற ஒரே வழி அதுதான். சும்மா சொல்லு. பக்கத்து மாவு மெஷின் சத்தத்துல வெளிய கேக்காது.

முப்பத்தொன்பது: அவ இல்லக்கா.

டெய்லர்: இல்லன்னா... ஐயோ! எப்ப? அந்தக் கால்லேர்ந்தே...

முப்பத்தொன்பது: சாகல! பொறக்கவே இல்ல.

டெய்லர்: பொறக்காதவளுக்கா சட்டை?

முப்பத்தொன்பது: திங்கக்கிழமைக்குள்ள வேணும்.

டெய்லர்: இரு. இந்த முனையப் பிடி, ஊசி குத்திடப் போறேன். மொதல்லேர்ந்து சொல்லு.

முப்பத்தொன்பது: ஸ்கூல்ல சேர வந்தப்ப அப்பா ஃபாரத்துல டீயக் கொட்டிட்டார். ஆபீஸ்காரர் இன்னொரு ஃபாரம் குடுத்தார். அதையும் எழுதிக் குடுத்தோம். அவர் ரொம்பப் பொறுப்பான மனுஷன்க்கா. டீ கொட்டினதக் காய வெச்சு, ரெண்டையும் ரெண்டு பேரா பதிஞ்சுட்டார்.

டெய்லர்: அடப்பாவி மனுஷா.

முப்பத்தொன்பது: கணக்கு சார்தான் வருகைப் பதிவு எடுப்பார். தலைய நிமிரவே மாட்டார். நம்பரக் கூப்பிடுவார், குரல் வந்தா டிக் அடிப்பார். முதல் நாள் 'முப்பத்தொன்பது'ன்னார். 'உள்ளேன் ஐயா'ன்னேன். 'நாற்பது'ன்னார். யாரும் பேசல. திரும்ப 'நாற்பது!'ன்னார். கோவமா இருந்துச்சு. பயத்துல... நானே...

டெய்லர்: ரெண்டாவது தடவையும் 'உள்ளேன் ஐயா'வா!

முப்பத்தொன்பது: கொஞ்சம் கனமான குரல்ல.

டெய்லர்: சிரிக்க வைக்காதடி, கையில கத்தரி இருக்கு. அப்புறம்?

முப்பத்தொன்பது: மொத்த வகுப்பும் திரும்பி என்னப் பாத்துச்சு. உங்களுக்குப் புரியாதுக்கா. அப்பாவுக்கு மாத்தல் வந்துட்டே இருக்கும், இது எனக்கு அஞ்சாவது ஸ்கூல். ஒரு ஸ்கூல்ல ஒரு வருஷம் முழுக்க எல்லாருக்கும் பென்சில் சீவிக் குடுத்தேன். கடைசி நாள் ஒருத்தி 'நீ எந்த வகுப்பு'ன்னு கேட்டா. இன்னொரு ஸ்கூல்ல விசிலடிக்கக் கத்துக்கிட்டேன்...

டெய்லர்: விசிலுக்குமா திரும்பல?

முப்பத்தொன்பது: நாய் ஒண்ணு வந்துச்சு. இங்க முதல் தடவையா முப்பத்தெட்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பிப் பாத்தாங்க. பின் பெஞ்சுல ஒருத்தி இருக்கா, ரேடியோன்னு பட்டப்பேரு. ஒரு சேதி காதுல விழுந்தா அடுத்த தெரு வரைக்கும் ஒலிபரப்பிடுவா. அவ முதுகுல தட்டி 'நாற்பது யாரு'ன்னா. 'எங்க அக்கா, உடம்பு சரியில்ல'ன்னு வாய்ல வந்துடுச்சு.

டெய்லர்: கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிடுச்சு.

முப்பத்தொன்பது: நல்ல பூதம்தான்க்கா. மறுநாளே கார்டு வந்துச்சு, 'நாற்பது சீக்கிரம் குணமாகணும்'னு. மதியம் ஏழு பேர் என் பெஞ்சுல வந்து உக்காந்தாங்க. அவளுக்கு என்ன பிடிக்கும், எப்படி இருப்பா, தைரியசாலியா... நானும் சொன்னேன். கையால நடப்பா. நாய்க்குப் பயப்பட மாட்டா. ஒரு தடவ ஒரு தலைமையாசிரியரையே 'உக்காருங்க, பேசலாம்'னு சொல்லியிருக்கா.

டெய்லர்: உக்காந்தாராமா?

முப்பத்தொன்பது: உக்காந்துட்டார்.

டெய்லர்: வெளுத்து வாங்கியிருக்கா.

முப்பத்தொன்பது: மூணாவது வரிசைல ரெண்டு பேர், நாற்பதுக்கு யாரு நெருங்கின தோழின்னு சண்ட போட்டு, இப்ப வரைக்கும் பேசிக்கறதில்ல. நான்தான் போய் 'ரெண்டு பேரையுமே அவளுக்குப் பிடிக்குமாம்'னு சொன்னேன். அதுக்கு ஒருத்தி, 'உனக்கு என்ன தெரியும், அவ என்கிட்ட வேற சொன்னா'ங்கறா.

டெய்லர்: பொறக்காதவ புறம் வேற பேசறாளா!

முப்பத்தொன்பது: கைப்பந்து அணில அவளச் சேத்துட்டாங்க. மாற்று ஆட்டக்காரி. 'அணில ஒரு தப்புகூட செய்யாதவ அவ ஒருத்திதான்'னு கோச் பாராட்டினார். கணக்குப் பரீட்சைல அவளுக்கும் ஒரு விடைத்தாள் வந்துச்சு. வெறுந்தாளா குடுத்தா அசிங்கமாயிடுமேன்னு அவளோடத முதல்ல எழுதினேன். அப்புறம் என்னோடதுக்கு நேரம் பத்தல. அவளுக்கு எழுபத்தொண்ணு. எனக்கு நாற்பத்திமூணு. சார் தாளக் குடுக்கறப்ப, 'அக்காவப் பாத்துக் கத்துக்கோ'ன்னார்.

டெய்லர்: நீ என்ன சொன்ன?

முப்பத்தொன்பது: 'சரிங்க சார்'னு. வேற என்ன சொல்ல? ஆனா அதுகூடப் பரவால்லக்கா. ஒரு நாள் எனக்கு நிஜமாவே காய்ச்சல். நான் போகல. மார்க் அட்டை வந்தப்ப பாத்தா, முப்பத்தொன்பது ஒரு நாள் விடுப்பு. நாற்பது ஒரு நாள்கூட விடுப்பு இல்ல.

டெய்லர்: நீ வீட்டுல படுத்துக் கிடந்தா, அன்னைக்கு அவளுக்கு யாரு 'உள்ளேன்' சொன்னது?

முப்பத்தொன்பது: தெரியல. ஒரு நிமிஷம்... சிரிக்காதீங்க... ஒரு நிமிஷம், அவளே வந்துட்டுப் போயிருப்பாளோன்னு நினச்சேன்.

டெய்லர்: நான் சிரிக்கல. குண்டூசிய வாய்ல வெச்சிருக்கேன்.

முப்பத்தொன்பது: போன வாரம் வகுப்புத் தலைவி தேர்தல். நெட்டைன்னு ஒருத்தி நின்னா. நானும் நின்னேன். கடைசி நிமிஷத்துல யாரோ நாற்பதோட பேரையும்... அதாவது நம்பரையும் எழுதிட்டாங்க. நாற்பதுக்கு முப்பத்தாறு ஓட்டு. நெட்டைக்கு மூணு. எனக்கு ஒண்ணு.

டெய்லர்: அது உன் ஓட்டா?

முப்பத்தொன்பது: இல்லக்கா. நான் நாற்பதுக்குப் போட்டுட்டேன். ஜெயிக்கப் போறவளுக்குத்தானே போடணும்.

டெய்லர்: அப்ப அந்த ஒரு ஓட்டு யாரோடது?

முப்பத்தொன்பது: அதத்தான் நானும் யோசிக்கறேன். அதவிட, முப்பத்தொன்பது பேர் ஓட்டுப் போட்டா நாற்பது சீட்டு எப்படி வந்துச்சு? அவ சீட்ட நான் போடலியே.

டெய்லர்: கொஞ்சம் திரும்பு. காலர்ல என்னது, நீலமா?

முப்பத்தொன்பது: மசி. முதல் வாரமே ரேடியோ பின்னாடிலேர்ந்து பேனாவ உதறினா. துவைச்சும் போகல. எனக்கிருக்கறது ஒரே சட்டை. இந்த ஊர்ல எத்தன நாளோன்னு அப்பா ஒண்ணே போதும்னுட்டார்.

டெய்லர்: மன்னிப்புக் கேட்டாளா?

முப்பத்தொன்பது: வாயத் திறந்தா. கேக்கப் போறான்னு நினச்சேன். 'நாற்பதுக்கு உடம்பு எப்படி இருக்கு'ன்னா.

டெய்லர்: சரி, திங்கக்கிழம என்ன?

முப்பத்தொன்பது: காலைல எல்லார் முன்னாடியும் ஹெட்மிஸ்ட்ரஸ் தலைவிக்கு பேட்ஜ் குத்துவாங்க. நாற்பது வந்தாகணும். கால் உடஞ்சிருக்குன்னேன். 'தூக்கிட்டு வர்றோம்'ங்கறாங்க. விஞ்ஞானக்கூடத்துலேர்ந்து சக்கரம் வெச்ச நாற்காலி ஒண்ணு எடுத்துத் தொடச்சே வெச்சுட்டாங்க. அவ வரலன்னா குட்டு உடஞ்சுடும்க்கா. பொய் சொன்னவன்னு ஆயிடுவேன். பென்சில் சீவறவளாவாவது இருக்கலாம், பொய்காரியா ஒரு நாள் இருக்க முடியுமா?

டெய்லர்: அதனால?

முப்பத்தொன்பது: அதனால திங்கக்கிழம நாற்பது வருவா. நான்தான் வருவேன். மசி இல்லாத சட்டை, வகிடு இந்தப் பக்கம், இடது காலு கொஞ்சம் நொண்டல். நான்தான்னு தெரியுமா?

டெய்லர்: நடந்து காட்டு.

முப்பத்தொன்பது: இப்படி...

டெய்லர்: அது வலது.

முப்பத்தொன்பது: ஐயோ. இப்படி?

டெய்லர்: இப்ப ரெண்டும். நாற்காலிதான் உனக்குப் பொருத்தம். தாடைல என்ன காயம்?

முப்பத்தொன்பது: கையால நடந்து பாத்தேன். கேட்டா செஞ்சு காட்டணுமில்ல?

டெய்லர்: கால் உடஞ்சவ கையால நடந்து வந்தா பொருத்தமாத்தான் இருக்கும். சரி, நாற்பது வந்துடறா. முப்பத்தொன்பது எங்கன்னு கேட்டா?

முப்பத்தொன்பது: கேக்க மாட்டாங்க.

டெய்லர்: கேட்டா?

முப்பத்தொன்பது: மெதுவா நின்னுடுவாக்கா. கணக்குப் போட்டுப் பாத்தேன். சார் கூப்பிடறப்ப ரெண்டு நாள் பதில் இருக்காது. மூணாவது நாள் முப்பத்தெட்டுலேர்ந்து நேரா நாற்பதுக்குப் போயிடுவார். யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்ல.

டெய்லர்: உங்க அப்பாவுக்கு?

முப்பத்தொன்பது: அவருக்கு ரெண்டும் நான்தானே.

டெய்லர்: நல்லா யோசிச்சிருக்க. பில்லு போடணும், உன் பேரச் சொல்லு.

முப்பத்தொன்பது: அப்பா பேர்ல போட்டுக்கோங்க. இன்ஜினியர் வீடுன்னு.

டெய்லர்: உன்னோட ஒரு... யாரோ வர்றாங்க. கைய இறக்கு.

ரேடியோ: அக்கா, அந்தச் சட்... ஏய்! முப்பத்தொன்பது! நீ எங்க இங்க?

முப்பத்தொன்பது: சும்மா... கை அளக்க.

ரேடியோ: கை அளக்கவா?

முப்பத்தொன்பது: வளந்திருக்கான்னு. நீ?

ரேடியோ: நானா? நான்... தலையணை உறை. தலையணை உறை தெக்கக் குடுத்திருந்தேன். ரெடியாக்கா?

டெய்லர்: எல்லாம் ஆச்சு. பட்டன் வெச்சு காஜா எடுத்துட்டேன்.

முப்பத்தொன்பது: தலையணை உறைக்கு பட்டனா?

ரேடியோ: எங்க வீட்டுத் தலையணை... கொஞ்சம் வெளிய வந்துடும்.

டெய்லர்: காலர்கூட நல்லா வந்திருக்கு.

முப்பத்தொன்பது: காலரா!

ரேடியோ: பெரிய தலையணை. அத விடு. நாற்பதுக்கு காலு எப்படி இருக்கு?

முப்பத்தொன்பது: பரவால்ல. வீட்டுக்குள்ள சுவத்தப் பிடிச்சுட்டு நடக்கறா.

ரேடியோ: வீட்டுக்குள்ளயா? நேத்து நூலகத்துப் பக்கம் ஓடிக்கிட்டிருந்தாளே?

முப்பத்தொன்பது: ...ஓடினாளா?

டெய்லர்: உடஞ்ச காலோடயா?

ரேடியோ: அதான்க்கா எனக்கும் ஆச்சரியம். கூப்பிட்டேன். நிக்கல. திரும்பி கைய மட்டும் ஆட்டினா.

முப்பத்தொன்பது: எந்தக் கைய?

ரேடியோ: எந்த... ரெண்டையும்.

முப்பத்தொன்பது: என்கிட்ட சொல்லவே இல்ல அவ.

ரேடியோ: உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவாளா என்ன? ஆனா உன்மேல உசுரு. தேர்தல்லயே உனக்குத்தானே ஓட்டுப் போட்டா?

முப்பத்தொன்பது: அவ... எனக்குப் போட்டாளா? உனக்கு எப்படித் தெரியும்?

ரேடியோ: அது... அவ கையெழுத்து. ஒன்பத இப்படி வால் நீட்டி எழுதுவா.

முப்பத்தொன்பது: அது நீ எழுதற ஒன்பதாச்சே.

ரேடியோ: என்னப் பாத்துதான் அவ எழுதறா. ஏய், வீட்டுல உங்க ரெண்டு பேரையும் எப்படிக் கூப்பிடுவாங்க? உன்ன எப்படிக் கூப்பிடுவாங்க?

முப்பத்தொன்பது: சாப்பிட வான்னு.

ரேடியோ: அதில்ல. செல்லமா?

முப்பத்தொன்பது: சோறு ஆறுது சாப்பிட வான்னு.

ரேடியோ: அக்கா...

டெய்லர்: என்னப் பாக்காத. இவ வந்ததுலேர்ந்து நானும் பாக்கறேன், முடியல.

முப்பத்தொன்பது: என்னக்கா முடியல?

டெய்லர்: ஊசில நூல் கோக்க.

ரேடியோ: சரி, நான் போறேன். திங்கக்கிழம நாங்க முன்வரிசைல இருப்போம்னு நாற்பதுகிட்ட சொல்லிடு. நீயும் வருவல்ல?

முப்பத்தொன்பது: எனக்கு அன்னைக்குக் காய்ச்சல்.

ரேடியோ: திங்கக்கிழம காய்ச்சல் வரும்னு வெள்ளிக்கிழமையே தெரியுமா?

முப்பத்தொன்பது: எனக்கு எப்பவும் கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சுடும்.

ரேடியோ: இங்க பாரு. காய்ச்சலோ கபாலக் குத்தலோ, நீ வரணும். நீ வரலன்னா... நாற்காலிய யாரு தள்ளுவா? வர்றேன்க்கா. தலையணை பத்திரம்.

டெய்லர்: பத்திரமாத்தான் நிக்குது. போ.

முப்பத்தொன்பது: உறைய வாங்காமலே போறாளே?

டெய்லர்: மறதி. சின்ன வயசு பாரு.

முப்பத்தொன்பது: பாத்தீங்களாக்கா? அஞ்சு நிமிஷம் நின்னா. நாலே முக்கால் நிமிஷம் அவளப் பத்தித்தான். நான் எதுக்குன்னா, நாற்காலி தள்ள ஆள் வேணுமாம்.

டெய்லர்: பொறாமையா?

முப்பத்தொன்பது: இல்லாதவமேல என்ன பொறாமை... இருக்குக்கா. ராத்திரி படுத்தா கோவம் கோவமா வருது. நான்தானே அவளக் கண்டுபிடிச்சேன்? என் காய்ச்சல், என் மார்க்கு, எல்லாத்தையும் தூக்கி அவளுக்குக் குடுத்தேன். இப்ப நூலகத்துப் பக்கம் ஓடறா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல!

டெய்லர்: அவ ஓடலடி.

முப்பத்தொன்பது: தெரியும்... ஆனா ரேடியோ பாத்தேன்னு சொல்றா. அவ ஏன் பொய் சொல்லணும்?

டெய்லர்: முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறவ கேக்கற கேள்வியா இது?

முப்பத்தொன்பது: முடிவு பண்ணிட்டேன்க்கா. நாற்பதாவே இருந்துடறேன். அவளா இருந்தா பக்கத்துல உக்கார ஏழு பேர் இருக்காங்க. சட்டை ஞாயித்துக்கிழம கிடைக்குமா?

டெய்லர்: இப்பவே எடுத்துட்டுப் போ.

முப்பத்தொன்பது: இப்பவேவா? துணியே இன்னும் வெட்டலியே!

டெய்லர்: அந்த அலமாரில மேல்தட்டு. தலையணை உறைன்னு சீட்டு ஒட்டியிருக்கும் பாரு.

முப்பத்தொன்பது: இதா?... அக்கா, இது சட்டை.

டெய்லர்: போட்டுப் பாரு. மேலயே போட்டுக்கோ.

முப்பத்தொன்பது: தோள் சரியா இருக்கு. கையும்... ரெண்டு கையும். யாரோடதுக்கா இது?

டெய்லர்: நாற்பதோடது. செவ்வாக்கிழமையே சொல்லிட்டுப் போனாங்க. முப்பத்தெட்டு பேர். கடைக்குள்ள இடம் பத்தாம பாதிப் பேர் தெருவுல நின்னாங்க. தலைவி புதுச்சட்டைல வரணுமாம். அளவு குடுங்கன்னேன். முப்பத்தொன்பதோட அளவு நோட்டுல இருக்குமே, அதையே போடுங்கன்னாங்க.

முப்பத்தொன்பது: ரெட்டைப் பிள்ளைன்னு நான் சொன்னதால...

டெய்லர்: காலரப் பாரு.

முப்பத்தொன்பது: ஐயோ, புதுச்சட்டைலயும் மசி பட்டுடுச்சே! என்னோட காலர்லேர்ந்து ஒட்டிருச்சா?

டெய்லர்: தடவிப் பாரு.

முப்பத்தொன்பது: ...நூலு.

டெய்லர்: நீல நூலு. கைத்தையல். ரெண்டு நாள் கண்ணு போச்சு எனக்கு. அந்த ரேடியோ காகிதத்துல அச்சா வரஞ்சு எடுத்துட்டு வந்தா. கப்பல் மாதிரி ஒண்ணு, கீழ மூணு சொட்டு. மூணு மாசமா உன் பின்னாடி உக்காந்து அதத்தான் பாத்துட்டிருக்காளாம். 'இது இல்லாத சட்டைல வந்தா நாற்பத நாங்க எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது'ன்னு கேட்டா.

முப்பத்தொன்பது: அப்ப... அவங்களுக்கு... எப்பலேர்ந்து தெரியும்?

டெய்லர்: ரெண்டாவது 'உள்ளேன் ஐயா'லேர்ந்து. கனமான குரல்னு சொன்னியே, தவளை மாதிரி இருந்துச்சாம்.

முப்பத்தொன்பது: எல்லாருக்குமா?

டெய்லர்: கணக்கு சாரத் தவிர.

முப்பத்தொன்பது: அந்தக் கார்டு... கேக்கு... அந்த ரெண்டு பேரு சண்ட?

டெய்லர்: சண்ட நிஜம். எதுக்கு ஆரம்பிச்சோம்னு அவங்களுக்கே இப்ப தெரியல.

முப்பத்தொன்பது: தெரிஞ்சும் ஏன்க்கா ஒருத்தர்கூடச் சொல்லல? நாடகமாடி, ஓட்டுப் போட்டு, நாற்காலி தொடச்சு...

டெய்லர்: நானும் அதத்தான் கேட்டேன். 'சொல்லிட்டா அப்புறம் அவ பெஞ்சுல போய் உக்காந்து என்னத்தப் பேசறது'ன்னா ரேடியோ. நீ ஒரு சாக்கு தேடின. அவங்களும் ஒரு சாக்கு தேடியிருக்காங்க. ரெண்டு தரப்புக்கும் சேத்து அந்த நாற்பது ஒருத்தி.

முப்பத்தொன்பது: எனக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு 'உள்ளேன்' சொன்னது யாரு?

டெய்லர்: முப்பத்தெட்டு பேரும். ஒரே நேரத்துல. சார் தலைய நிமிராமலே 'மெதுவாச் சொல்லும்மா'ன்னாராம்.

முப்பத்தொன்பது: ...நான் வந்ததுலேர்ந்து நீங்களும் ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டீங்களே! எந்தக் கால்னு வேற!

டெய்லர்: எனக்கும் கேக்க ஆசை இருக்காதா? அவங்க சொன்னதவிட நீ சொல்றது நல்லா இருந்துச்சு. பொறந்தநாள் கேக்க அவ சாப்பிட்டாளான்னு கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் வரல.

முப்பத்தொன்பது: நான்தான் சாப்பிட்டேன்... இருங்கக்கா. காலருக்கு உள்ள நம்பரே இல்லயே? நாற்பதுன்னு தெக்கலியா?

டெய்லர்: வேணாம்னுட்டாங்க. நாற்பதும் வேணாம், முப்பத்தொன்பதும் வேணாமாம். இந்த ஒரு சட்டைக்கு மட்டும் பேரு தெச்சாகணும்னாங்க. அங்கதான் வந்துச்சு வினை. முப்பத்தெட்டு பேர்ல ஒருத்தருக்கும் உன் பேர் தெரியல. பதிவேட்டப் போய்ப் பாத்தா, ஆபீஸ்காரர் கையெழுத்த ஆபீஸ்காரராலயே படிக்க முடியல. மூணு மாசம் கழிச்சு உன்கிட்டயே போய்க் கேக்க வெக்கமா இருக்குன்னு என் தலைல கட்டிட்டுப் போயிட்டாங்க. அதுக்குத்தான் நோட்டுல இருக்கற அளவையே இத்தன நேரமா திரும்பத் திரும்ப அளந்துட்டிருக்கேன். இந்தா, ஊசில நூல் கோத்தாச்சு. உன் பேர் என்னடி?